ரசத்துக்கு முடிக்கொத்து நோய் வந்த கதை

ரசத்துக்கு வைரஸ் நோய் இருப்பதை உலகத்திலேயே முதன்முதலாகக் கண்டுபிடித்தவள் நான்தான். புளி ரசம், கொத்தமல்லி தூவியது. தங்கத் துகள்களைக் கொண்டு ஐந்தே நிமிடத்தில், ஏழெட்டுப் பேர் சாட்சியாக நிரூபித்தேன். இதற்காக யாரும் எனக்கு விருது தரவில்லை. நான் பணி ஓய்வு பெற்ற அன்று வாசித்த பாராட்டு மடலில்கூட இதைப் பற்றி ஒரு வரி இல்லை. வேறு என்னென்னவோ இருந்தது, அடக்கமானவள் என்றுகூட இருந்தது. எழுதியவருக்கு என்னைத் தெரியாது போலிருக்கிறது.

திண்டுக்கல்லில் பயிர் நோய் கண்டறியும் கூடத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, உங்களுக்கு இந்தக் கதையை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கையேட்டிலும் இருக்காது. நானே சொல்லிவிடுகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஓர் இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. அது எந்த இடம் என்று வரும்போது தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூறுகளில் ஒரு வாழை இலைக்கு நோய் இருக்கிறதா என்று சொல்ல எங்களுக்கு முழுதாக இரண்டு நாள் வேண்டும். குழி குழியான பிளாஸ்டிக் தட்டில் சாற்றை ஊற்றி, கழுவி, மறுபடி ஊற்றி, மறுபடி கழுவி, மஞ்சள் நிறம் வருகிறதா என்று காத்திருப்போம். விவசாயி நத்தத்திலிருந்து பேருந்து ஏறி வந்து இலையைக் கொடுத்துவிட்டுப் போய், மறுபடி வந்து முடிவைக் கேட்பதற்குள் அவர் தோட்டத்து அசுவினிப் பூச்சி பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிபோய்ப் பால் காய்ச்சியிருக்கும். அந்தப் பூச்சிதான் முடிக்கொத்து நோயை மரத்துக்கு மரம் சுமந்துகொண்டு போவது. நோய் வந்த வாழையின் இலைகள் விரியாமல் உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும், தார் தள்ளாது. கண்ணுக்கு அப்படித் தெரிவதற்குள் வேலை கைமீறிப் போயிருக்கும். மருந்து கிடையாது. தோண்டி எடுப்பது ஒன்றுதான் வழி.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் கூடத்துக்குத் தங்கம் வந்தது. நகைத் தங்கம் இல்லை. தங்க உப்பைக் கொதிக்க வைத்து இன்னொரு கரைசலைச் சேர்த்தால் பிறக்கிற தங்கப் பொடி. ஒரு தலைமுடியின் அகலத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் துகளை வரிசையாக நிற்க வைக்கலாம், அத்தனை பொடி. அந்த அளவில் தங்கம் மஞ்சளாக இருக்காது, மாதுளம்பழச் சாறு மாதிரி சிவப்பாக இருக்கும். இதை நான் படித்திருந்தேன். படிப்பது வேறு, பார்ப்பது வேறு.

இதைச் செய்யக் கற்றுக்கொடுக்க மதுரையிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் ஒருவர் வந்துபோவார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. என்னைவிட ஆறு வயது சின்னவர். ஆனாலும் அவர் வருகிறார் என்றால் நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிற்பேன். அப்போதெல்லாம் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. முதல் பதினொரு தடவையும் எங்கள் தங்கம் சிவக்கவில்லை. ஊதாவாகி, நீலமாகி, கடைசியில் சாக்கடை நிறத்தில் அடியில் படிந்தது. பதினோராவது தடவை அவர் குடுவையை முகர்ந்து பார்த்துவிட்டு, எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்று கேட்டார். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத அந்த உப்புத் தண்ணீர் குடுவையின் ஓரத்தில் துளி ஒட்டியிருந்தாலும் போதும், தங்கத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிறத்தை மாற்றிவிடும். பன்னிரண்டாவது தடவை வடித்த நீரில் கழுவினோம். வெளிறிய மஞ்சள், நிறமே இல்லாத ஒரு நொடி, அப்புறம் லேசான சாம்பல், அப்புறம் குபுக்கென்று சிவப்பு. நான் குலவை போட்டேன். ஆய்வகத்தில் குலவை போட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் காதைப் பொத்திக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "மேடம், இந்தச் சிவப்பை நல்லா மனசுல வெச்சுக்குங்க. நிறம் மாறினா உள்ள ஏதோ மாறியிருக்குன்னு அர்த்தம்." வெச்சுக்கிட்டேன் சார் என்றேன். வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் கதை.

அந்தத் துகள்களின் மேல், முடிக்கொத்துக் கிருமியை மட்டும் பிடித்துக்கொள்கிற புரதத்தைப் பூசி, விரல் நீளக் காகிதப் பட்டையில் ஏற்றினோம். இலையைக் கசக்கிய சாற்றில் பட்டையின் நுனியை வைத்தால் சாறு மேலே ஏறும். ஒரு சிவப்புக் கோடு வந்தால் பட்டை வேலை செய்கிறது, நோய் இல்லை. இரண்டு கோடு வந்தால் நோய் இருக்கிறது. இரண்டு நாள் வேலை ஐந்து நிமிடத்தில், தோட்டத்து வரப்பிலேயே. மருந்துக்கடையில் பெண்கள் வாங்குகிற கர்ப்பப் பரிசோதனைப் பட்டையும் இதே வேலைதான் செய்கிறது. இதை விவசாயிகள் கூட்டத்தில் நான் வெளிப்படையாகச் சொன்னபோது எங்கள் உதவியாளர் முருகேசன் வெட்கத்தில் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவருக்கு வயது ஐம்பது, மூன்று பிள்ளைகள்.

பட்டை செய்த புதிதில் நான் தரையில் நடக்கவில்லை. கையில் சுத்தியல் கிடைத்தவனுக்குக் கண்டதெல்லாம் ஆணி என்பார்களே, அந்தக் கதைதான். பேருந்தில் போகும்போது வழியோர வாழையெல்லாம் என்னைப் பார்த்து, வா, வந்து பார் என்று கூப்பிடுவது மாதிரி இருக்கும்.

எங்களுக்கு நிதி தருகிற துறையிலிருந்து ஓர் அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. அவர் திருப்தியடைந்தால் இன்னும் மூன்று வருடத்துக்கு வேலை நடக்கும், இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான். எங்கே செய்து காட்டலாம் என்று யோசித்தபோது எனக்கு உடனே அருள்மேரியின் ஞாபகம் வந்தது.

அருள்மேரிக்கு ஆத்தூர் அணைக்குக் கீழே வாய்க்கால் ஓரம் வாழைத்தோட்டம். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் வெளியூரில் லாரி ஓட்டினார், தோட்டம் முழுக்க அருள்மேரியின் பொறுப்பு. அதற்கு இரண்டு வருடம் முன்னால் அந்தப் பகுதியில் முடிக்கொத்து வந்து பதினொரு பேரின் தோட்டத்தைத் துடைத்துப்போட்டிருந்தது. அருள்மேரியின் தோட்டம் மட்டும் எப்படியோ தப்பித்தது. அதில் நல்ல தார் போடுகிற இருபது நாட்டு வாழைகளைத் தாய்மரங்களாக ஒதுக்கி, அவற்றின் அடியில் முளைத்த பக்கக் கன்றுகளை அந்தப் பதினொரு பேருக்கும் ஆளுக்குப் பத்தாகக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவர்கள் குழியும் வெட்டிவிட்டார்கள், வாய்க்காலில் தண்ணீரும் திறந்தாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கன்று கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் அந்த இருபது மரத்தையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று அவரே எங்கள் கூடத்துக்கு வந்து கேட்டிருந்தார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் எது? அதிகாரியை வியாழக்கிழமை ஆத்தூருக்கே அழைத்துக்கொண்டு போவதென்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை ஒத்திகை பார்த்தோம். நெகிழிப் பையில் இலைத் துண்டைப் போட்டு, கரைசலை ஊற்றி, முருகேசன் சப்பாத்திக் கட்டையால் உருட்டிச் சாறு எடுத்தார். வாழையின் சாறு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். எடுத்த சில நிமிடத்தில் கறுத்துவிடும். பார்க்கச் சகிக்காது. சென்னையிலிருந்து வெள்ளைச் சட்டையில் வருகிற மனிதருக்கு இந்தச் சாக்கடையையா காட்டுவது என்று எனக்கு ஒரே கவலை. அந்தக் கவலையோடு மதியம் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு வீட்டில் வாழைத்தண்டுக் கூட்டு. தண்டை நறுக்கி நறுக்கி மோரில் போட்டுக்கொண்டிருந்தேன். நம் வீடுகளில் தண்டோ பூவோ நறுக்கினால் கறுக்காமலிருக்க மோரில் போடுவோம் இல்லையா? அரிவாள்மனையில் உட்கார்ந்தபடியே எனக்கு ஞானம் பிறந்தது. மோர்!

கூட்டை அடுப்பில் ஏற்றாமலே கூடத்துக்கு ஓடினேன். புளித்த மோரின் மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை வடிகட்டி, இலை அரைக்கும் கரைசலில் தாராளமாக ஊற்றினேன். முருகேசன் அரைத்தார். சாறு பச்சைப் பசேலென்று அப்படியே நின்றது. அரை மணி நேரமாகியும் கறுக்கவில்லை. நான் துள்ளிக் குதித்தேன். முருகேசன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, மதுரைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா டீச்சர் என்றார். (நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. படித்த பெண் என்றால் எங்கள் ஊரில் டீச்சர்தான்.) மோருக்கெல்லாம் மதுரைக்குப் போன் போடுவார்களா என்று அவரை அடக்கினேன். அந்தச் சாற்றில் ஒரு பட்டையை வைத்துப் பார்த்திருக்கலாம். கையிலிருந்தது இருபத்தைந்து பட்டை, அடுத்த தொகுதி செய்ய வாரத்துக்கு மேல் ஆகும். மோருக்காகத் தங்கத்தை வீணாக்குவதா என்று விட்டுவிட்டேன். நோயில்லாத இலையை வைத்து ஒரு கோடு வருவதை இரண்டு நாள் முன்னாலேயே பார்த்துவிட்டேன் என்பது எனக்குத் தெம்பு. அந்த இலை மோர் இல்லாத கரைசலில் அரைத்தது என்பது என் மண்டைக்கு ஏறவில்லை.

வியாழக்கிழமை காலை ஆத்தூர். அதிகாரியும் அவரோடு நாலைந்து பேரும் வந்தார்கள். அதிகாரி நல்ல மனிதர். எதைக் கண்டாலும் ஆச்சரியப்படுவார், எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார். அருள்மேரி இத்தனை பேரையும் பார்த்துவிட்டு என் காதோடு கேட்டார். "ஏன் டீச்சர், வாழை முழுகாம இருக்கான்னு பாக்கவா இம்புட்டுப் பேரு வந்திருக்கீக?" நான் சிரித்த சிரிப்பில் வாய்க்காலில் நின்ற கொக்கு பறந்துவிட்டது.

இருபது மரத்திலிருந்தும் இலைத் துண்டுகள் எடுத்தோம். முருகேசன் உருட்டினார், பச்சைச் சாறு பளபளத்தது, அதிகாரி அதையே முதலில் பாராட்டினார். மேசை மேல் இருபது பட்டைகளை வரிசையாக நிறுத்தினேன். சாறு ஏறியது. முதல் பட்டையில் இரண்டு கோடு. இரண்டாவதில் இரண்டு கோடு. மூன்றாவது, நான்காவது என்று இருபதிலும் இரண்டிரண்டு கோடு, பிசிறில்லாமல், ஒரே நேரத்தில். அதிகாரி கைதட்டினார். அவரோடு வந்தவர்களும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சிரிப்பு வராத இடம் இதுதான். ஒரு பெண்ணின் தோட்டம் முழுக்க நோய் என்று முடிவு வந்திருக்கிறது, அவர் என் பக்கத்தில் நிற்கிறார், நான் கைதட்டுகிறேன். என் பட்டை வேலை செய்துவிட்டதே என்ற சந்தோஷம், வேறொன்றும் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் கை கூசுகிறது. பிள்ளைகளே, நம் தொழிலில் நாம் தேடுவது கிடைத்தால் யாரோ ஒருவருக்கு அது கெட்ட செய்தி. அதை மறந்தவள் நான்.

அருள்மேரி கேட்டது ஒரே சொல். "அம்புட்டுக்குமா?"

அம்புட்டுக்கும்தான் என்றேன். இருபது தாய்மரத்திலும் நோய் என்றால் தோட்டத்தையே எடுத்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் கன்று கொடுக்கக் கூடாது என்று அதிகாரி முன்னால் விதியையும் ஒப்பித்தேன். அருள்மேரி தலையை ஆட்டினார். அழவில்லை, வாதாடவில்லை. வந்தவர்களுக்குச் சமைத்து வைத்திருக்கிறேன், கை கழுவிவிட்டு வாருங்கள் என்றார்.

அந்தச் சாப்பாட்டை எப்படி மறப்பேன்? தோட்டத்துக் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்தோம். அவர் தோட்டத்து இலையிலேயே சாப்பாடு. தொட்டுக்கொள்ள இரண்டு வெஞ்சனம், அப்பளம், சாம்பார், ரசம். அருள்மேரியே எல்லோருக்கும் பரிமாறினார். எனக்குப் போடும்போதும் கை குறையவில்லை. அதிகாரி ரசத்தில் சொக்கிப்போய் ஒரு தம்ளரில் தனியாக வாங்கிக் குடித்தார். மூன்றாவது தம்ளர் வந்ததும் அவருக்கு ஒரு விளையாட்டு தோன்றியது. இந்தப் பட்டையை ரசத்தில் வைத்தால் என்ன காட்டும் மேடம் என்று கேட்டார்.

என் வாய் சும்மா இருக்குமா? வாழைக் கிருமி இல்லாத எதில் வைத்தாலும் ஒரே ஒரு கோடுதான் சார், பட்டைக்கு அத்தனை புத்தி என்று பெருமையடித்தேன். மீதியிருந்தது ஐந்து பட்டை. ஒன்றை எடுத்து இடது கையால் அவர் தம்ளரில், ரசத்தின் தெளிவில் நுனியை நனைத்து இலையோரம் வைத்தேன். அப்பளத்தை நொறுக்கினேன். அப்பளம் தீர்வதற்குள் கோடு வந்துவிட்டது. இரண்டு கோடு.

அதிகாரி பட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ரசத்துக்கும் முடிக்கொத்தா, அப்ப நானும் போயாச்சா மேடம் என்றார். பந்தியே சிரித்தது. கொஞ்சம் ஓய்ந்ததும் அவராகவே எனக்கு வழியும் விட்டார். சாப்பாட்டுல வெச்சா அப்படித்தான் ஏதாவது காட்டும், விடுங்க என்றார். நல்ல மனது. நான் ஆமாம் சார் என்று சிரித்துவிட்டு மோர் வாங்கிக்கொண்டிருந்தால் அதோடு முடிந்தது. மூன்று வருட நிதி, பத்திரிகையில் படம், எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில்.

ஆனால் என் கண் அந்த இரண்டாவது கோட்டில் நின்றுவிட்டது. அது சிவப்பு இல்லை. கத்தரிப்பூ நிறம். சட்டென்று காலையில் பார்த்த இருபது கோடுகளும் ஞாபகம் வந்தன. அவையும் கத்தரிப்பூ நிறம்தான். பார்த்தேன், வெயில் வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரசத்தில் கிருமி இல்லை. ரசத்தில் இருப்பது புளிப்பு. காலையில் சாற்றில் இருந்தது என் புளித்த மோர். புளிப்பு ஏறினால் தங்கத்தின் மேல் பூசிய புரதம் தன்னிலை இழந்து, கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய் ஒட்டிக்கொள்கிறது. இத்தனையும் எனக்குப் புரிய ஒரு கவளம் விழுங்கும் நேரம்தான் ஆனது.

நிமிர்ந்தேன். ரசப் பாத்திரத்தோடு அருள்மேரி எனக்கு எதிரில் நின்றார். அந்தப் பந்தியில் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எச்சில் கையோடு எழுந்து நின்றேன்.

"சார், காலைல காட்டின இருபதையும் நம்பாதீங்க. அது நோய் இல்ல, என் மோரு."

மோர் விவரத்தைச் சொன்னேன். வாழைத்தண்டுக் கூட்டையும் விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வருகிற சிரிப்பு அது, அடக்கவே முடியாது. அதிகாரிக்குத்தான் சிரிப்பு போய்விட்டது. நாமெல்லாம் கைதட்டினோமே மேடம் என்றார். நானும்தான் சார் தட்டினேன் என்றேன்.

அருள்மேரி பாத்திரத்தைக் கீழே வைத்தார். "அப்ப நோய் இல்லையா?"

எனக்கு அன்றைக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இந்தக் கேள்விதான். இல்லை என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. காலையில் நான் செய்த பாவத்துக்கு அது நல்ல பரிகாரமாகவும் இருந்திருக்கும். ஆனால் பட்டை பொய் சொன்னது என்பதால் மரம் ஆரோக்கியமாக இருக்கிறது என்றாகிவிடாதே. "தெரியல மேரி," என்றேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்கு நிஜமாவே தெரியல."

இப்போது கையில் நான்கு பட்டை, பார்க்க வேண்டியது இருபது மரம். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றே நாள். அதிகாரி, அடுத்த தொகுதி வந்ததும் பார்த்துக்கொள்ளலாமே என்றார். வாய்க்கால் தண்ணீர் அதுவரை நிற்காது, குழி வெட்டியவர்கள் வேறெங்காவது கன்று வாங்கி நட்டுவிடுவார்கள், அந்தக் கன்றை யார் பார்த்தது? முருகேசன் ஏதாவது நாலு மரத்தைப் பார்ப்போம் என்றார். மீதிப் பதினாறுக்கு என்ன பதில்? நான் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். பந்தியில் ஒரே பாத்திரத்திலிருந்துதானே எல்லோருக்கும் ரசம் ஊற்றினார்கள் என்று பட்டது. ஐந்தைந்து மரத்தின் இலையை ஒன்றாகச் சேர்த்து அரைத்தால் நான்கு சாறு, நான்கு பட்டை. ஒரு சாற்றில் நோய் இல்லையென்றால் அந்த ஐந்து மரமும் பிழைத்தது. இருந்தால் ஐந்தில் ஒன்றிலாவது இருக்கிறது.

ஜீப்பில் மோர் கலக்காத கரைசல் ஒரு போத்தல் இருந்தது, மாதா புண்ணியம். புதிதாக இலை எடுத்தோம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு துண்டைத் தனியாக உறையிலிட்டு எண் எழுதி வைத்துக்கொண்டேன், பின்னால் தனித்தனியாகப் பார்ப்பதற்கு. மீதியைச் சேர்த்து அரைத்தார் முருகேசன். சாறு கன்னங்கரேலென்று கறுத்தது. அத்தனை அழகான கறுப்பை நான் பார்த்ததில்லை.

இந்தத் தடவை நான் பட்டையைப் பார்க்கவில்லை. அருள்மேரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முருகேசன்தான் வாய்விட்டுச் சொன்னார். முதல் பட்டை, ஒரு கோடு. இரண்டாவது, ஒரு கோடு. மூன்றாவது, ஒரு கோடு. பதினைந்து மரம் பிழைத்துவிட்டது! எனக்குக் குலவை தொண்டை வரை வந்தது, கடித்து விழுங்கினேன். நான்காவது பட்டையை முருகேசன் என் பக்கம் நகர்த்தினார். குனிந்து பார்த்தேன். இரண்டு கோடு. செக்கச்செவேலென்று, மாதுளம்பழச் சிவப்பில். பட்டை இப்போது பொய் சொல்லவில்லை.

வாய்க்காலை ஒட்டி நின்ற ஐந்து மரங்கள் அவை. அதில் ஒன்று தார் தள்ளி, காய் திரண்டு, இன்னும் இரண்டு வாரத்தில் வெட்டுகிற பக்குவத்தில் நின்றது. ஐந்தில் எது என்று சொல்ல என்னிடம் பட்டை இல்லை. அதையும் அருள்மேரியிடம் அப்படியே சொன்னேன். பத்து நாள் பொறுத்தால் எது என்று தெரியும், ஆனால் அசுவினி பத்து நாள் பொறுக்காது, முடிவு உங்களுடையது என்றேன். அவர், மருந்து தெளிப்பானை எடுத்துக்கிட்டு வாங்க முருகேசண்ணே என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போனார்.

பூச்சி பறக்காமலிருக்க முதலில் மருந்தடித்தோம். அப்புறம் ஐந்தையும் கன்றோடு கிழங்கோடு தோண்டினோம். நானும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். அதிகாரி காலணியைக் கழற்றிவிட்டுக் கால்சட்டையை மடித்துக்கொண்டு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கடைசிவரை அந்தத் தாரைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார், ஞானஸ்நான வீட்டில் குழந்தையைக் கையில் வாங்கிய ஆள் மாதிரி. அவர் வெள்ளைச் சட்டையில் வாழைக்கறை பிடித்தது பிடித்ததுதான். கிளம்பும்போது என்னிடம் அதிகம் பேசவில்லை. மூன்று வருடம் கேட்டிருந்தோம், ஒரு வருடம் கிடைத்தது. பட்டையை இன்னும் பழக்க வேண்டும் என்று குறிப்பு எழுதியிருந்தார். நியாயம்தான். என்னையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மதுரைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மோர் என்றதும் அவர் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தால், மனிதர் சிரிக்கிறார்! கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேருக்கும் பத்துக்குப் பதில் ஏழேழு கன்று கிடைத்தது. பத்து நாள் கழித்துப் புதுத் தொகுதி தயாரானதும் உறையிலிருந்த ஐந்து இலைகளையும் தனித்தனியாகப் பார்த்தேன். ஒன்றில்தான் நோய். அருமையான நான்கு மரங்களைச் சும்மா தோண்டியிருக்கிறோம், அந்தத் தார் மரமும் அதில் ஒன்று. இதைப் போய் அவரிடம் சொல்ல வேண்டுமா என்று ஒரு ராத்திரி யோசித்தேன். போன் பண்ணிச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். கடைசியில் காலையில் முதல் பேருந்தைப் பிடித்து ஆத்தூருக்கே போய்விட்டேன்.

அருள்மேரி வாய்க்காலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐந்தில் ஒன்றுதான் மேரி என்று ஆரம்பித்தேன்.

"வாய்க்காலப் பாத்து மூணாவது நின்னுச்சே, அதுதான?"

நோட்டைப் பிரித்து எண்ணைச் சரிபார்த்தேன். மூன்றாவதுதான். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்த ஒரு மரத்தில் மட்டும் தோண்டுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பிருந்தே எறும்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்ததாம். அசுவினி சுரக்கிற இனிப்புக்குத்தான் எறும்பு ஏறும். இலைக்காம்பின் இடுக்கில் பூச்சி இருக்கும் என்று அவர் அப்போதே நினைத்தாராம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் முதலில் அந்த ஒரு மரத்தைப் பார்த்திருப்பேனே, நான்கு மரம் தப்பித்திருக்குமே என்றேன்.

"கேட்டீகளா டீச்சர்? ஜீப்ப விட்டு எறங்கினதுலேர்ந்து அந்தக் குச்சியத்தான பாத்துக்கிட்டு இருந்தீக."

ஆனாலும் விடவில்லை. சரி, நான் கேட்கவில்லை, தப்பு என்னுடையது. உங்களுக்குத்தான் தெரியுமே, அந்த ஒன்றை மட்டும் எடுத்திருக்கலாமே, காய்த்து நின்ற மரத்தை எதற்கு உங்கள் கையாலேயே தோண்டினீர்கள் என்றேன்.

அருள்மேரி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எனக்குச் சந்தேகந்தான டீச்சர். என் சந்தேகத்த நம்பி ஊருக்குக் கன்னு குடுக்க முடியுமா?"